நிக்கானோர் பாட்டில் என் பெயர்

எங்கள் சான் எலியாஸ் ஊரின் ஜனத்தொகை நாலாயிரம். ஆனால் நிக்கானோர் மிந்தியோலாவின் நினைவு நாளன்று சதுக்கத்தில் நாற்பதாயிரம் பேர் நிற்பார்கள். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. நான் சொல்கிறேன், நம்புங்கள். அவன் செத்து இருபது வருடம் ஆகிறது. இன்னும் அவனுடைய அக்கார்டியன் ரேடியோவில் கேட்டால் எங்கள் ஊர்க் கோழிகள் முட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும்.

அன்றைக்குத் தேவாலயப் படிக்கட்டின் கீழே வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகளை ஒரே வரிசையாகப் போடுவார்கள். கண்டவனெல்லாம் அதில் உட்கார முடியாது. நிக்கானோர் தன் பாட்டுகளில் யார் யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டானோ அவர்களுக்கு மட்டும்தான் அந்த இடம். எங்கள் பக்கத்துப் பாட்டு அப்படி. பாடுகிறவன் நாலு அடி பாடுவான், பிறகு அக்கார்டியன் தனியாக ஓடும். அந்த இடைவெளியில் அவன் ஒரு நண்பனுடைய பெயரைச் சொல்லிக் கூவுவான். அவ்வளவுதான். இசைத்தட்டு உலகத்தில் எங்கெல்லாம் சுற்றுகிறதோ அங்கெல்லாம் அந்தப் பெயரும் சேர்ந்து சுற்றும். நினைவு நாளில் ஒலிபெருக்கியில் தட்டு ஓட ஓட, பெயர் வருகிற இடத்தில் பெயருக்கு உரியவர் எழுந்து, தொப்பியைத் தூக்கி, "ஆய், ஓம்பே!" என்று பதில் கூவ வேண்டும். கூட்டம் கைதட்டும். கல்யாணமான பெண்கள் கூட அந்த ஆளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

நிக்கானோர் பதிவு செய்தது முப்பத்தொரு பாட்டு. அவற்றில் நாற்பத்தேழு பெயர்கள். பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். நீதிபதிகள் இரண்டு பேர். மாட்டு வைத்தியர். ஒருநாள் மழையில் ஜீப்பைத் தள்ளிவிட்டுப் போன வழிப்போக்கன் ஒருவன். அப்புறம் ஒரு கோவேறு கழுதை. ஆமாம், கழுதைதான். பெயர் பாபிலோனியா. அது போய்ச் சேர்ந்த பிறகு அதன் நாற்காலியில் அதன் சொந்தக்காரன் உட்காருகிறான். அவனும் எழுந்து தொப்பியைத் தூக்குகிறான்.

என் பெயர் மட்டும் இல்லை.

நான் எலியேசர் தாசா. தண்ணீர் வாரியத்தில் முப்பத்துமூன்று வருடம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன். அது வயிற்றுக்கு. மற்றபடி நான் நிக்கானோரின் குவாச்சராக்காக்காரன். பனங்கழியில் வரிவரியாகக் கீறி, கம்பிகள் வைத்த ஒரு முள்கரண்டியால் தாளத்துக்கு ஏற்பச் சுரண்டுகிற வாத்தியம் அது. அக்கார்டியன் அழும், மத்தளம் அதட்டும், நடுவில் எலி பலகையைக் கடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும் இல்லையா, அது நான். முப்பத்தொரு பாட்டிலும் நான். அவன் போதை தெளிய நான் கொடுத்த ஆட்டெலும்புச் சாறு ஆற்றில் விட்டிருந்தால் கப்பலே மிதந்திருக்கும். அவனுடைய மகன் சில்வானோவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக, எங்கள் பேச்சில் பாத்ரீனோவாக, நின்றதும் நானே. இத்தனை இருந்தும் நினைவு நாளன்று எனக்குக் கொடுக்கப்பட்ட இடம் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒயரை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள.

இந்த நாற்பத்தேழு பேரில் நாற்பத்தாறு பேரை நான் மன்னித்துவிட்டேன், கழுதை உள்பட. மன்னிக்க முடியாதவன் உபால்தோ அர்சுவாகா. என் மகளுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் எனக்குக் கொம்பாத்ரே, எதிர் வீட்டுக்காரன். அவனுடைய பெயர் வருவது 'பாதி மழை' பாட்டில். எங்கள் ஊரிலிருந்து கடற்கரை வரை அந்தப் பாட்டைப் போடாத பஸ் ஓடாது. "என் உபால்தோ அர்சுவாகா, என்னைக் கைவிடாத தோழன்!" என்று நிக்கானோர் கூவுகிறபோது அவனுடைய தொண்டையே கொஞ்சம் உடையும். அந்த உடைசல்தான் என் வயிற்றில் முள்ளாக நின்றது. நினைவு நாளன்று அந்த இடம் வரும்போது என் வயிற்று எரிச்சலில் நூறு அரேப்பா ரொட்டி சுட்டிருக்கலாம்.

ஒரு வருடம் பொறுக்க முடியாமல், அவன் பெயர் வருவதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். "கரண்ட் போயிருச்சு!" என்று நானே கத்தவும் செய்தேன். என்ன ஆயிற்று? பாட்டு நின்ற அந்த மௌனத்தில் நாற்பதாயிரம் பேரும் சேர்ந்து, "என் உபால்தோ அர்சுவாகா!" என்று கூவினார்கள். தேவாலய மணி தானாக ஆடியது. நிக்கானோர் ஒருவன் சொன்னது போதாதென்று நான் ஊரையே சொல்ல வைத்துவிட்டேன்.

இப்படியிருக்கும்போது இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. இருபதாம் வருட நினைவுக்காகச் சில்வானோ தன் அப்பாவின் பன்னிரண்டு பாட்டுகளைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்யப் போகிறான். அவனுடைய தங்கை எனைதா அக்கார்டியன். பதிவு நடப்பது அப்பாவின் பழைய வீட்டிலேயே. சுரண்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதுப் பதிவு என்றால் புதுப் பெயர்கள். எனக்கு எழுபத்தாறு வயது. இதை விட்டால் இனி யாருடைய பாட்டில் எனக்கு இடம்?

ஒரு பெரிய ஆட்டுப் பாலாடைக்கட்டியோடு காலையிலேயே போய் நின்றேன். சில்வானோ தாழ்வாரத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க பாத்ரீனோ. என்ன, பாலாடைக்கட்டியோட? யாராவது செத்துட்டாங்களா?"

"சாகறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். உங்கப்பன் என் பேர ஒரு பாட்டுலயாவது சொல்லியிருக்கலாம்ல? கழுதைக்குக் குடுத்தான்டா. எனக்குக் குடுக்கல."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா பாத்ரீனோ? ரூமுக்குள்ள இருக்கவன் பேர அப்பா சொல்லவே மாட்டாரு. பக்கத்துல உக்காந்திருக்கவன எதுக்குக் கத்திக் கூப்பிடணும்பாரு. பேரு சொல்றதே தூரத்துல இருக்கவனுக்குப் போய்ச் சேரத்தான். இருக்கவனைக் கூப்பிட்டா அவன் சீக்கிரம் போயிடுவான்னு ஒரு பயம் வேற அவருக்கு. நீங்க ஒரு பதிவுக்காவது வராம இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிச் சொல்லுவாரு?"

"கழுதை?"

"கழுத ரூமுக்குள்ள வரலயே."

காபி ஆறுகிற நேரம் வரைக்கும் எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. முப்பத்தொரு பாட்டிலும் என் பெயர் இல்லாததற்குக் காரணம் முப்பத்தொரு பாட்டிலும் நான் இருந்தது! காபி ஆறியதும் புத்தி வந்தது. இந்த ரகசியம் ஊரில் யாருக்குத் தெரியும்? ரூமுக்குள் இருந்தவனுக்கென்று எவன் வெள்ளை நாற்காலி போடுகிறான்?

"சரி, அவன் போய்ட்டான். நீ சொல்லுடா என் பேர. 'பாதி மழை'யில சொல்லு."

"நீங்க உள்ள உக்காந்து சுரண்டினா சொல்ல மாட்டேன். அப்பா வச்ச வழி, நான் மீற மாட்டேன். பேரு வேணும்னா வெளிய இருங்க. உள்ள வேணும்னா பேரு கெடையாது. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

முடிவு பண்ணுவதற்கு முன்னால் எனக்கு ஓர் அவசர வேலை இருந்தது. நேராக உபால்தோ வீட்டுக்கு ஓடினேன். எழுபத்தாறு வயதில் அந்தத் தெருவை நாலே எட்டில் தாண்டினேன். அவன் முற்றத்தில் கண்ணாடியைச் சுவரில் மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தான்.

"கொம்பாத்ரே, உன் பேர ஏன் சொன்னான் தெரியுமா? நீ பெரிய ஆளுன்னு இல்லய்யா. நீ அங்க இல்ல! இல்லாதவன் பேரத்தான் சொல்லுவானாம்! உன்ன விட்டுட்டுப் போனதுக்கு அடையாளம்யா அது!"

உபால்தோ கத்தியை நுரையில் தோய்த்தான். மறு கன்னத்தைத் தொடங்கினான்.

"தெரியும்," என்றான்.

"என்னது?"

"முதல் நாள்லேர்ந்து தெரியும். 'பாதி மழை' பதிவுக்கு நீங்க எல்லாரும் ஜீப்புல பராங்கியா ஸ்டூடியோவுக்குக் கெளம்பினீங்க. நானும் ஏறி உக்காந்திருந்தேன், ஞாபகம் இருக்கா? நிக்கானோர் எறக்கிவிட்டான். எடமில்லன்னான். ஆடு குட்டி போடற சமயம், பாத்துக்க உபால்தோன்னான். பதினோரு நாள் அவன் ஆட்டுக்குப் பிரசவம் பாத்தேன். 'என்னைக் கைவிடாத தோழன்'! அவன் ஆட்டக் கைவிடாத தோழன்னு சொல்லியிருக்கணும்."

நான் கல்லில் உட்கார்ந்தேன். அவன் நிறுத்தவில்லை.

"வருஷா வருஷம் எழுந்து தொப்பியத் தூக்கறேன்ல, அப்போ நான் ஜனத்தப் பாக்கறதில்ல. அந்த ஒயர் பக்கத்துல நீ நிக்கறியே, உன்னத்தான் பாப்பேன். என் பேரு வந்து மூணு செகண்டுல போயிடுது. உன் சுரண்டல் பாட்டு பூரா வருது. மூணே முக்கால் நிமிஷம். பஸ்ல கேட்டாலும் எனக்கு அது மட்டுந்தான் கேக்குது. அங்க நீ இருந்த. நான் இல்ல."

நாற்பது வருடமாக என்னைப் பார்த்து இவன் பொறாமைப்பட்டிருக்கிறான்! இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் நல்ல மனிதன் என்று நினைப்பீர்கள். உண்மையில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தில் காதுகள் தனியாக ஆடின. திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னான். இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லச் சொன்னேன். அதற்கு நுரையை என் மேல் உதறினான்.

அப்புறம்தான் வேறொரு எரிச்சல் தொடங்கியது. நாற்பது வருடமாக இவனுடைய பொறாமை ஒரு ஈ எறும்புக்குக் கூடத் தெரியவில்லை. என்னுடையது ஊர் நாய்க்குக் கூடத் தெரியும். பொறாமைப்படுவதில் கூட இவன் என்னைவிடக் கெட்டிக்காரன்!

முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன பேசிப்பீங்க?"

ஒன்றும் பேசமாட்டோம். நிக்கானோர் தீக்குச்சியால் காது குடைந்துகொண்டிருப்பான். ஆனால் கேட்கிறவன் உபால்தோ அல்லவா? "ஒவ்வொருத்தரையும் கட்டிப் பிடிச்சு அழுவான்யா. நெத்தில முத்தம் குடுப்பான். 'நீங்க இல்லன்னா நான் இல்ல'ம்பான்," என்றேன். எச்சிலை விழுங்கினான். பார்க்க அவ்வளவு இனிமையாக இருந்தது.

"ஒரே ஒரு பாட்டு, கொம்பாத்ரே," என்றான். "'பாதி மழை'க்கு உன் எடத்துல என்ன உக்கார வை. நீ வெளிய போ. பேர நீ எடுத்துக்க. ரூம எனக்குக் குடு."

"உனக்குச் சுரண்டத் தெரியுமா?"

"ஊர்ல எல்லா நாயும் சொறியுது. எனக்கு வராதா?"

சில்வானோவும் சரி என்று சொல்லிவிட்டான். நாலு நாள் என் வீட்டுச் சமையலறையில் உபால்தோவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் மனைவி ஒதிலியா மூன்றாம் நாள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "யோவ், ரெண்டு கெழவனும் குச்சியச் சொறிஞ்சு சொறிஞ்சு பூனை வீட்ட விட்டு ஓடிருச்சு. அடுத்தது நான்தான்," என்றாள். போகிற போக்கில், "ஆனா உபால்தோ கைதான்யா நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நாலு வருடம் பிடித்த வேலை. அன்று இரவு உணவை நான் தொடவில்லை. சரி, கொஞ்சம் தொட்டேன். ஆட்டுக்கறி.

சனிக்கிழமை காலை பதிவு. சில்வானோ பாடுவது படுக்கையறையில். ஜன்னல், கதவு எல்லாவற்றிலும் மெத்தையைச் சாத்தி அடைத்திருந்தார்கள். கூடத்தில் எனைதாவும் மத்தளக்காரரும் நானும். கூடத்து ஜன்னல்களை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் அந்த வெயிலுக்கு நாங்கள் மூவரும் அவிந்திருப்போம். வாயேதுபாரிலிருந்து வந்த பதிவுக்காரர் தன் கருவிகளை எடுத்துக்கொண்டு முற்றத்து மாமரத்தடிக்குப் போய்விட்டார். உள்ளே நடப்பதெல்லாம் ஒயர் வழியாக அவருக்குக் கேட்கும்.

முதல் இரண்டு பாட்டும் நான் சுரண்டினேன். மூன்றாவது 'பாதி மழை'. எழுந்தேன். உபால்தோ ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில், தலை வாரி, தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளை மாதிரி வந்து என் முக்காலியில் உட்கார்ந்தான். "இன்னும் சூடா இருக்கு," என்றான். நான் வெளியே போனேன்.

பதிவுக்காரர் நல்ல மனிதர். "சும்மா ஏன் நிக்கறீங்கய்யா, கேளுங்க," என்று என்னை உட்கார வைத்து, தன்னிடமிருந்த இன்னொரு ஹெட்போனை என் காதில் மாட்டினார். பெரிய சாமான். எதிரில் மாடு கத்தினால் கூடக் கேட்காது.

எனைதா தொடங்கினாள். எப்படிச் சொல்வது? அவளுடைய அப்பன் அந்தப் பாட்டை வாசித்தபோது மழை வருகிற மாதிரி இருக்கும். அவள் வாசித்தபோது நான் உண்மையாகவே சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஜன்னல் வழியே உபால்தோ தெரிந்தான். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு சுரண்டினான். படுபாவி, ஒரு தாளம் பிசகவில்லை. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு எழுந்து போய் அவனைத் தூக்கிவிட்டு உட்காரலாமா என்று இருந்தது. அந்த நேரத்தில் அக்கார்டியன் தனியாக ஓடத் தொடங்கியது. என் இரண்டு காதுக்கும் நடுவில் சில்வானோவின் குரல்:

"எலியேசர் தாசா, என் ஞானத்தகப்பனே, இந்தப் பாட்டை முதன்முதலில் கேட்ட காதே!"

குரல் கொஞ்சம் உடைந்தது. அப்பனுக்கு உடைந்த அதே மாதிரி.

பெயரைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரன் என்ன செய்வான்? இருபது வருடமாகக் குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எழுந்தேன். தொப்பியைத் தூக்கினேன். "ஆஆஆய், ஓம்ம்பே!"

காதில் அந்தச் சாமான் இருந்ததால் என் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் சொன்னது: பக்கத்து ஊரில் ஒரு லாரி பிரேக் போட்டது. மாமரத்திலிருந்து பதினெட்டு காய் விழுந்தது. பதிவுக்காரர் என்னைப் பார்த்த பார்வை, தண்டவாளத்தில் படுத்துக்கொண்டவனைப் பார்க்கும் பார்வை.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். போட்டுக் கேட்டோம். சில்வானோ நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொரு தடவ எடுத்துடலாம்," என்றேன் நான் அவசரமாக.

எனைதா அக்கார்டியனைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். "என்னால முடியாது. இப்ப வாசிச்சது நான் இல்ல, அப்பா. இனிமே இந்தப் பாட்டுல என் கைக்கு இது வராது. கேக்காதீங்க."

பதிவுக்காரர் தொண்டையைச் செருமினார். "பாடினவர் குரல் தனி ரூம்ல, தனியா இருக்கு. அதுல என்ன வேணும்னாலும் வெட்டலாம். ஆனா ஐயாவோட கூவல் ஜன்னல் வழியாப் போய் அக்கார்டியன் மைக்குல ஏறிடுச்சு. அத எடுத்தா அக்கார்டியனும் சேந்து போயிடும்."

சில்வானோ என் தோளில் கை வைத்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"பாத்ரீனோ, கூவல் இருக்குன்னா நீங்க இருக்கீங்கன்னு ஆகுது. இருக்கவன் பேர அப்பா சொன்னதில்ல."

"டேய், நான் மரத்தடிலடா இருந்தேன்! வெளியடா!"

"தட்டுக்கு மரம் தெரியாது பாத்ரீனோ. கேக்கறவனுக்கும் தெரியாது."

என் பெயரை வெட்டிவிட்டார்கள். என் கண் முன்னால், ஒரு பொத்தானை அமுக்கி. உபால்தோ மட்டும் குவாச்சராக்காவை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

மே மாதம் நினைவு நாள் வந்தது. முதலில் பழைய பாட்டுகள். நாற்பத்தேழு பேரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். பிறகு புதிய 'பாதி மழை'. வழக்கமான இடத்தில் பெயர் எதுவும் வரவில்லை. அக்கார்டியன் மட்டும் ஓடியது. ஜனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அப்போது அந்தப் பாட்டின் வயிற்றுக்குள்ளிருந்து, "ஆஆஆய், ஓம்ம்பே!"

சதுக்கம் வெடித்தது. அப்படி ஒரு கைதட்டலை நிக்கானோர் உயிரோடு இருந்தபோது கூடக் கேட்டதில்லை. "யாருய்யா அது? யாரு அந்தத் தொண்டை?" என்றார்கள். ஒயரைப் பிடித்தபடியே நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"வேற யாரு? உபால்தோதான்! இந்தத் தடவ உள்ள உக்காந்து வாசிச்சதே அவர்தானே!" என்றார் பல் டாக்டர்.

உபால்தோ துள்ளி எழுந்தான். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவன் மறைக்கவில்லை. "நான் இல்ல! அது எலியேசர்! அதோ அங்க நிக்கறாரு!" என்று தொப்பியால் என்னைக் காட்டினான். ஜனம் என்னைப் பார்த்தது. கையில் ஒயரோடு நிற்கிற கிழவன். திரும்ப அவனைப் பார்த்தது. "என்ன பெருந்தன்மை பாரு! ஒயர்க்காரருக்கு விட்டுக்குடுக்கறாரு!" என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. அவன் மறுக்க மறுக்க அது ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அழாத குறையாக உட்கார்ந்துவிட்டான். அதற்கும் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். பாட்டு எங்கே ஓடுகிறதோ அங்கே போய் நிற்பேன். அந்த இடம் வந்ததும் தட்டோடு சேர்ந்து நானும் கூவுவேன். இரண்டு தொண்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கக் காது இருக்கிறவன் ஒருவனாவது கிடைப்பான் அல்லவா? சலூனில் கூவினேன். மீன் கடையில் கூவினேன். நேற்று வாயேதுபார் பஸ்ஸில் பாட்டு போட்டார்கள். எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூச்சை இழுத்து, சரியான இடத்தில், "ஆஆஆய், ஓம்ம்பே!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இருக்கையிலிருந்து எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடடா! கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா அப்படியே உபால்தோதான் தாத்தா!"